பதினேழு நாளில் வந்த பாட்டு

அன்புள்ள ஐயா,

நீல் யங் எழுதி, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் சேர்ந்து பாடிய ‘ஒஹையோ’ என்ற ராக் பாட்டைப் பற்றி நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகப் போராட்டத்தில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆவதற்குள் பாட்டைப் பதிவு செய்து, அடுத்த மாதமே விற்பனைக்கு விட்டது எனக்கு நெருடுகிறது. இது சாவைக் காசாக்குவது ஆகாதா? கொஞ்சம் ஆறப்போட்டிருந்தால் இன்னும் ஆழமாக வந்திருக்குமே. நானும் ஒரு துப்பாக்கிச்சூட்டைப் பற்றி எழுதிய கவிதையை ஓராண்டாக வெளியிடாமல் வைத்திருக்கிறேன். அப்புறம், சொல்லே காதில் விழாத ராக் இசையில் அரசியல் எதற்கு?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதன் கடைசிப் பகுதிக்காக. ராக்கில் சொல் விழவில்லை என்பதை விடுங்கள். நாலு தடவை கேட்டால் விழும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘போராட்டத்தில் மாணவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேர் தம்பி, யார் யார்? 1970 மே 4, திங்கட்கிழமை மதியம், ஒஹையோ தேசியக் காவல்படையினர் 13 நொடியில் 67 குண்டுகளைச் சுட்டார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், கம்போடியாவுக்குள்ளும் படை போகிறது என்று அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர்கள் நான்கு பேர். அலிசன் க்ராஸ், ஜெஃப்ரி மில்லர் இருவரும் போரை எதிர்க்க வந்தவர்கள். சாண்ட்ரா ஷோயரும் வில்லியம் ஷ்ரோடரும் அப்படி வந்தவர்கள் இல்லை, ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஷோயர் விழுந்த இடம் சுட்டவர்களிடமிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால். ஷ்ரோடர் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சியில் இருந்த பையன், வயது 19. இவர்களையும் ஒரே சொல்லில் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டீர்கள். அன்றைக்கும் இப்படித்தான் தள்ளினார்கள். சம்பவம் நடந்த கையோடு எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள்மேல் பழி போட்டார்கள், காவல்படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். ஊரே இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆறப்போடுவது என்றால், அந்தப் பேச்சே வரலாறாக இறுகட்டும் என்று விட்டுவிடுவதுதான்.

அந்த மே மாதம் கலிஃபோர்னியாவில் பெஸ்கடேரோ என்ற ஊரில் ஒரு வீட்டில் கிராஸ்பியும் யங்கும் இருக்கிறார்கள். கென்ட் ஸ்டேட் படங்கள் வந்த ‘லைஃப்’ இதழை கிராஸ்பி யங்கின் கையில் கொடுக்கிறார். யங் படங்களைப் பார்த்தார், கிதாரை எடுத்தார், அங்கேயே பாட்டு வந்துவிட்டது. கிராஸ்பி உடனே நாஷுக்கு ஃபோன் போட்டு ஸ்டூடியோ பிடிக்கச் சொன்னார். மே 21, லாஸ் ஏஞ்சல்ஸ் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ. வாத்தியமும் குரலும் தனித்தனியாக இல்லை, எல்லாரும் ஒன்றாக நின்று பாடிய நேரடிப் பதிவு, சில டேக்குகளில் முடிந்தது.

காசு என்கிறீர்கள். இதே நால்வரின் இன்னொரு பாட்டு, நாஷ் எழுதிய ‘டீச் யுவர் சில்ட்ரன்’, அப்போதுதான் விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. காசுதான் கணக்கு என்றால், புதுப் பாட்டை இறக்கி, ஓடுகிற தன் பாட்டுக்குத் தானே குறுக்கே நிற்பானா ஒருவன்? நிக்சன் பெயரைச் சொல்கிறது என்று சில வானொலி நிலையங்கள் இதைப் போடவே மறுத்தன. இந்த மாணவர்களின் சாவால் தான் ஆதாயம் அடைந்துவிட்டதை யங்கே 1977-ல் தன் தொகுப்பில் உறுத்தலோடு எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் கேட்பதற்கு வெகுநாள் முன்னால் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

எனக்கு இந்தப் பாட்டு வந்தது விடுதியில், சீனியர் ஒருவர் கொடுத்த கேசட்டில். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏறி ஏறி ஒரே சரசரப்பு, நாடா தளர்ந்தால் பென்சிலைச் செருகிச் சுற்றுவேன். பாட்டு முடியும் இடத்தில் ஒரு குரல் மட்டும் மற்றவர்களை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய் ‘இன்னும் எத்தனை பேர்’ என்று அலறும். யாரோ தாளம் தவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பல வருடம் கழித்துத்தான் அது கிராஸ்பி என்றும், அந்த டேக் முடிந்ததும் அவர் அழுதுவிட்டார் என்றும் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நீங்கள் சொல்கிறபடி ஆறு மாதம் ஆறப்போட்டிருந்தால் அந்த அலறலை யாராவது ஒழுங்கு செய்திருப்பார்கள், தாளத்துக்குள் கொண்டுவந்திருப்பார்கள், ஆழம் என்று நீங்கள் சொல்வதும் வந்திருக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

இந்தப் பாட்டின்மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. பதிவுக்கு ஆறு நாள் முன்பு, மே 15 அதிகாலை, மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரிப் பெண்கள் விடுதியை நோக்கி போலீஸ் சுட்டது. ஃபிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன் என்று இரண்டு பேர் இறந்தார்கள். கிரீன் கல்லூரி மாணவர்கூட இல்லை, மளிகைக் கடையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 17 வயதுப் பள்ளிப் பையன். இருவரும் கறுப்பர்கள். பாட்டு நாலு பேர் என்றே எண்ணுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணிக்கை வரும்போது நான் மனதுக்குள் ஆறு என்று சொல்லிக்கொள்கிறேன்.

சரி, உங்கள் கவிதை. ஓராண்டு வைத்திருந்தது போதும். அதில் எத்தனை பேர் இறந்தார்கள், குண்டு பட்டபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.