ரவுட்டருக்குப் பின்னால் டிசி++ ஓட்டும்போது தேடல் முடிவுகள் ஏன் குறைகின்றன?

கேள்வி: வீட்டு ரவுட்டர் வழியாக டிசி++ என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஹப்பில் (பயனர்கள் கூடும் சர்வரில்) நிறையப் பேர் இருந்தும் தேடினால் நாலைந்து முடிவுகள்தான் வருகின்றன. சில அமைப்புகளை மாற்றிய பிறகு அதுவும் வரவில்லை. மற்றவர்களின் ஃபைல் லிஸ்ட் மட்டும் திறக்கிறது. எங்கே கோளாறு?

பதில்:

குறைவாக வருவதும் சுத்தமாக வராததும் இரண்டு வெவ்வேறு கோளாறுகள். குறைவாக வந்தபோது நீங்கள் பாஸிவ் முறையில், அதாவது வெளியிலிருந்து நேரடி இணைப்பை ஏற்காத நிலையில், இருந்திருக்கிறீர்கள். மாற்றிய பிறகு நேரடி இணைப்பை ஏற்கும் ஆக்டிவ் முறைக்குப் போயிருக்கிறீர்கள், ஆனால் ரவுட்டரில் அதற்கான போர்ட் (எண்ணிட்ட வாசல்) முழுதாகத் திறக்கவில்லை.

ஆக்டிவ் முறையில் உங்கள் தேடலோடு உங்கள் வெளி ஐபியும் யூடிபி (முன் இணைப்பு இல்லாமலே பாக்கெட் அனுப்பும் நெறிமுறை) போர்ட் எண்ணும் சேர்ந்து போகும். கோப்பு வைத்திருப்பவரின் மென்பொருள் பதிலை நேராக அந்த முகவரிக்கே யூடிபியில் அனுப்பிவிடும், ஹப் இடையில் வராது. பாஸிவ் முறையில் பதில் ஹப் வழியாகச் சுற்றி வரும். பழைய என்எம்டிசி வகை ஹப்பில் இதனால் இரண்டு வெட்டு விழுகிறது. ஆக்டிவ் தேடலுக்கு ஒருவரிடமிருந்து 10 முடிவு வரை தரும் டிசி++, பாஸிவ் தேடலுக்கு 5 வரைதான் தரும். இரண்டாவது வெட்டுதான் பெரியது: மற்ற பாஸிவ் பயனர்கள் உங்களுக்குப் பதிலே சொல்ல மாட்டார்கள். இரு பக்கமும் மூடியிருந்தால் எப்படியும் கோப்பை அனுப்ப முடியாது என்பதால் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஹப்பில் பாதிப்பேர் பாஸிவ் என்றால் அந்தப் பாதி உங்கள் தேடலுக்கு இல்லாதது மாதிரிதான்.

ஃபைல் லிஸ்ட் திறந்து தேடல் மட்டும் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் டிசிபியை (இணைப்பு ஏற்படுத்திய பிறகு அனுப்பும் நெறிமுறை) மட்டும் ஃபார்வர்டு செய்து, அதாவது ரவுட்டரிலிருந்து கணினிக்குத் திருப்பிவிட்டு, யூடிபியை மறந்திருப்பீர்கள். கோப்புப் பரிமாற்றம் டிசிபி, தேடல் பதில் யூடிபி. இணையத்தில் கிடைக்கும் போர்ட் சோதனைப் பக்கங்களில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே சோதிப்பதால் 'திறந்திருக்கிறது' என்று பச்சை காட்டும். அதை நம்பி உட்கார வேண்டாம்.

சரிசெய்ய, முதலில் கணினிக்கு ரவுட்டரின் டிஹெச்சிபி (உள் ஐபி ஒதுக்கும்) பக்கத்தில் ஒரு நிலையான உள் ஐபி ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50. இதை விட்டுவிட்டால் இன்று வேலை செய்யும் ஃபார்வர்டு விதி, கணினிக்கு வேறு ஐபி கிடைத்த நாளில் வேறு யாருடைய கைபேசிக்கோ போய்ச் சேரும். பிறகு டிசி++ அமைப்புகளில் தானியங்கிக் கண்டறிதலை நிறுத்தி, ஆக்டிவ் முறையில் போர்ட்டை நாமே ஃபார்வர்டு செய்யும் தேர்வை எடுங்கள். பரிமாற்றத்துக்கு 25000, மறையாக்கப் பரிமாற்றத்துக்கு 25001, தேடலுக்கு 25000 என்று கொடுக்கலாம். முதல் இரண்டும் டிசிபி என்பதால் எண் வேறாக இருந்தே ஆக வேண்டும். தேடல் யூடிபி, அதனால் 25000 திரும்ப வந்தாலும் மோதாது. எண்ணை 1024க்கு மேலும் 49152க்குக் கீழும் வைப்பது நல்லது. அதற்கு மேலுள்ளவற்றை விண்டோஸ் தற்காலிகத் தொடர்புகளுக்கு எடுத்துக்கொள்ளும்.

ரவுட்டரில் மூன்று விதிகள் போதும்: டிசிபி 25000, டிசிபி 25001, யூடிபி 25000, மூன்றும் 192.168.1.50க்கு. பலர் 411ஐயும் திறந்து வைக்கிறார்கள். அது ஹப் தன் பக்கத்தில் வைத்திருக்கும் போர்ட், நமக்குத் தேவையே இல்லை. யூபிஎன்பியையும் (மென்பொருளே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) நீங்கள் கையால் எழுதிய விதியையும் ஒரே போர்ட்டுக்குச் சேர்த்து வைக்காதீர்கள். டிசி++ முறையாக மூடப்படாதபோது பழைய யூபிஎன்பி பதிவு தங்கி, பழைய உள் ஐபியையே காட்டிக்கொண்டிருக்கலாம். கணினியை டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டையும் வெளியே திறந்துவிடும் அமைப்பில்) போடும் ஆலோசனை எங்கும் கிடைக்கும், அது தேவையில்லாத ஆபத்து.

அடுத்து விண்டோஸ் ஃபயர்வால். டிசி++க்கு உள்வரும் அனுமதி இரண்டு நெறிமுறைக்கும் இருக்க வேண்டும். வீட்டு வைஃபை 'பப்ளிக்' நெட்வொர்க்காகப் பதிந்திருந்து, அனுமதி 'பிரைவேட்'டுக்கு மட்டும் கொடுத்திருந்தால் ரவுட்டர் சரியாக இருந்தும் பதில்கள் கணினியின் வாசலிலேயே நின்றுவிடும்.

டிசி++இல் வெளி ஐபியைக் கையால் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். இணைப்பு அறுந்து திரும்பும்போது ஐபி மாறினால், நீங்கள் பழைய முகவரியையே விளம்பரப்படுத்திக்கொண்டிருப்பீர்கள். டைனமிக் டிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் அதைத் தொடரும் பெயர்) இருந்தால் எண்ணுக்குப் பதில் அதைக் கொடுக்கலாம்.

யூடிபி உண்மையில் வருகிறதா என்று அறிய வயர்ஷார்க்கை (வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) திறந்து யூடிபி 25000க்கு மட்டும் வடிகட்டி, ஹப்பில் பொதுவான ஒரு சொல்லைத் தேடுங்கள். வெவ்வேறு ஐபிகளிலிருந்து பாக்கெட்டுகள் கொட்டினால் ரவுட்டர் வேலை செய்கிறது. பாக்கெட் வந்தும் டிசி++ காலியாக இருந்தால் சந்தேகம் ஃபயர்வால் மேல்; தேடல் சாளரத்தில் 'காலி ஸ்லாட் உள்ளவர்கள் மட்டும்' என்ற தேர்வு டிக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் சில வந்து சட்டென நின்றால் ரவுட்டரின் யூடிபி வெள்ளத் தடுப்பு காரணமாக இருக்கலாம். பலரிடமிருந்து ஒரே நொடியில் வரும் பதில்களை அது தாக்குதல் என்று எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ஒரு பாக்கெட்கூட வரவில்லையா? ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இணைய ஐபி என்னவென்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சேவை நிறுவனத்தின் சிஜிநாட்டுக்குள் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்பு) இருக்கிறீர்கள். வீட்டு ரவுட்டரில் எந்த விதி எழுதினாலும் பயன் இல்லை, பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும். 10, 192.168, அல்லது 172.16 முதல் 172.31 வரை என்றால் பெரும்பாலும் மோடமே இன்னொரு ரவுட்டராக இயங்குகிறது. அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டிலும் ஃபார்வர்டு செய்யுங்கள். மோடம் ரவுட்டராக இயங்காவிட்டால் இதுவும் சிஜிநாட்தான்.

பொது ஐபி கிடைக்கவே வழியில்லை என்றால் டிசி++ஐ பாஸிவ் முறைக்கே திருப்பி வைத்துவிடுங்கள். ஆக்டிவ் என்று பொய்யாக அறிவித்து ஒன்றும் பெறாமல் இருப்பதைவிட அது மேல். என்எம்டிசிக்குப் பிறகு வந்த ஏடிசி வகை ஹப்பாகத் தேடிச் சேருங்கள். அங்கே இரு பாஸிவ் பயனர்களும் ரவுட்டரின் NAT (ஐபி மாற்றும் தடுப்பு) தாண்டி ஒருவரோடொருவர் இணைய வழி இருக்கிறது, இரு பக்க மென்பொருளும் அதை ஆதரித்தால் போதும். எல்லா ரவுட்டரிலும் அது பலிக்காது.