கார் கீறலா? முதல்ல நகத்தை வெச்சு பாருங்க

வாசகர் கேள்வி – பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல கார் பெயிண்ட் பத்திதான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

பார்க்கிங்ல நிறுத்தியிருந்தப்போ யாரோ டோர்ல ஒரு முழ நீளத்துக்கு கோடு போட்டுட்டு போயிட்டாங்க சார். விஷயம் என்னன்னா தண்ணி ஊத்தினா கோடு காணாம போயிடுது, காய்ஞ்சதும் வெள்ளையா திரும்ப வந்து நிக்குது. இது சரியாகுமா, இல்ல முழு டோரையும் அடிக்கணுமா?
– கடுப்புல இருக்கும் வாசகர்

கடுப்பை கொஞ்சம் குறைச்சுக்கங்க, உங்களுக்கு வந்திருக்கிறது நல்ல வகை கீறல். கார்ல நாம கலர்னு பாக்கிறது ஒரே கோட்டிங் கிடையாது, தகடு மேல முதல்ல மின்சாரம் வெச்சு படிய வைக்கிற துரு தடுப்பு கோட், அதுக்கு மேல பிரைமர், அப்புறம்தான் கலர், எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே சுமார் 100-லேர்ந்து 150 மைக்ரான்தான், அதாவது ரெண்டு தலைமுடியை ஒண்ணு மேல ஒண்ணா வெச்ச கனம். அதுல கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். உங்க கோடு அந்த கிளியர்லயே நின்னுடுச்சு, அதோட ஓரத்துல வெளிச்சம் சிதறுறதுனாலதான் வெள்ளையா தெரியுது, தண்ணி அந்த பள்ளத்தை நிரப்பினதும் சிதறல் குறைஞ்சு கண்ணுக்கு மறைஞ்சிடுது.

இன்னொரு டெஸ்ட் பண்ணுங்க. கட்டைவிரல் நகத்தை கோட்டுக்கு குறுக்கா மெதுவா இழுங்க. நகம் வழுக்கிட்டு போச்சுன்னா பாலிஷ்லயே போயிடும். லேசா தட்டுப்பட்டா முழுசா போகாது, பாதி மங்கும். நல்லா மாட்டி நின்னுச்சுன்னா பாலிஷை எடுக்கவே வேண்டாம், அது டச்-அப் கேஸ், அதாவது அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் வெச்சு அடைக்கணும். கோட்டுக்குள்ள சாம்பல் நிறமோ காரோட கலர் இல்லாத வேற நிறமோ தெரிஞ்சா பிரைமர் வரைக்கும் இறங்கிடுச்சு, பளபளன்னு வெள்ளி மாதிரி தெரிஞ்சா தகடே வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம்.

செய்முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஷாம்பு போட்டு நல்லா கழுவி காய வெச்சு, நிழல்ல, தகடு சூடு இல்லாம இருக்கும்போது, கீறல் பக்கத்துல இருக்கிற டோர் ஓரம், மடிப்பு கோடு இதுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, ஏன்னா அந்த இடங்கள்லதான் பெயிண்ட் ரொம்ப மெலிசா இருக்கும். ஃபோம் பேடுல பட்டாணி அளவுக்கு காம்பவுண்ட் (நைசான துகள் கலந்த தேய்ப்பு பசை) எடுத்து ஒரு அடிக்கு ஒரு அடி இடத்துல மட்டும் மேல கீழ, அப்புறம் இடது வலதுன்னு மிதமா அழுத்தி தேய்ங்க. மைக்ரோஃபைபர் துணில துடைச்சிட்டு டார்ச்சை சாய்வா அடிச்சு பாருங்க. ரெண்டு மூணு சுத்து வரைக்கும் போகலாம், அதுக்கப்புறமும் மெலிசா ஒரு நிழல் மாதிரி தெரிஞ்சா அதை விட்டுடுங்க. அப்புறம் ஃபைன் பாலிஷ், அப்புறம் வேக்ஸ், அவ்வளவுதான். காம்பவுண்ட் கீறலை நிரப்பல, சுத்தி இருக்கிற கிளியரை தேய்ச்சு கீறலோட அடி மட்டத்துக்கு இறக்குது. தேய்ச்சது திரும்ப வராது, அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு கையை நிறுத்துங்க.

எங்க மச்சான் டூத்பேஸ்ட் போதும்னு அடிச்சு சொல்றாரு. தங்கச்சி டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு வீடியோ வேற காட்டுறா, கோடு மாயமா மறையுது. எது உண்மை?
– ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டின வாசகி

மச்சான் சொல்றதுல கால்வாசி உண்மை இருக்கு. டூத்பேஸ்ட்ல பல்லை தேய்க்கிறதுக்காக சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ போட்டிருப்பாங்க, அதனால ரொம்ப மேலோட்டமான உரசலை கொஞ்சம் மங்க வைக்கும்தான். ஆனா அது பல்லு எனாமலுக்காக செஞ்ச சரக்கு, கிளியர் கோட்டுக்காக இல்ல, கீறல் போன இடத்துல மங்கலா ஒரு திட்டு விழுந்து வெயில்ல பாத்தா அதுதான் முதல்ல கண்ணுல படும், கருப்பு கார்னா கேக்கவே வேண்டாம். கார் காம்பவுண்ட்ல துகள் எல்லாம் ஒரே அளவுல இருக்கும், சிலதுல தேய்க்க தேய்க்க துகளே உடைஞ்சு பொடியாகி கடைசில பளபளப்பை கொண்டு வரும். பேஸ்ட்டுக்கு அந்த வேலை தெரியாது.

தங்கச்சியோட வீடியோ பொய்யில்ல, மேல ஒருத்தர் தண்ணி ஊத்தினா மறையுதுன்னாரே அதே கதைதான், தண்ணிக்கு பதிலா எண்ணெய். தண்ணி உடனே காய்ஞ்சிடும், எண்ணெய் ரெண்டு வாஷ் வரைக்கும் நிக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். இதுல ஒரு தொல்லையும் இருக்கு, பின்னாடி நீங்க அந்த இடத்துல டச்-அப் பண்ண நினைச்சா எண்ணெய் பிசுக்கு மேல பெயிண்ட் ஒட்டாது. நெயில் பாலிஷ் பத்தியும் ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. அவசரத்துக்கு தண்ணி இறங்காம கொஞ்ச நாள் தடுக்கும், அப்புறம் மஞ்சளாகி சுருங்கி உரிஞ்சு வரும், அதை எடுக்க அசிட்டோனை தொட்டீங்கன்னா பக்கத்துல இருக்கிற நல்ல பெயிண்ட்டும் கெடலாம்.

ஹைவேல ஓட்டி ஓட்டி பானட் முன்பக்கம் பூரா கல்லடி, சின்ன சின்ன புள்ளியா பெயிண்ட் தெறிச்சு போயிருக்கு. சிலதுல பிரவுன் கலர் வர ஆரம்பிச்சிடுச்சு. ஷோரூம்ல டச்-அப் பாட்டில் வாங்கி மூடிலயே இருக்கிற பிரஷ்ல தடவினேன், அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. எங்க தப்பு?
– தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர்

தப்பு அந்த மூடி பிரஷ்ல. அரிசி பாதி அளவு இருக்கிற பள்ளத்துக்கு அந்த பிரஷ் ரொம்ப பெருசு, பெயிண்ட் பள்ளத்துல விழாம சுத்தி நல்ல பெயிண்ட் மேல மேடா உக்காந்துடும். இன்னொண்ணு, பிரவுன் வந்த புள்ளி மேல அப்படியே தடவியிருந்தீங்கன்னா துருவை மூடி வெச்சிருக்கீங்க, அது உள்ளுக்குள்ளயே பெயிண்ட்டுக்கு அடியில பக்கவாட்டுல ஊர்ந்து போயி ஒருநாள் பொரிஞ்சு கிளம்பும். இப்ப வர்ற நிறைய கார்ல தகட்டுக்கு மேல துத்தநாக பூச்சு இருக்கும், அது துருவை தள்ளிப்போடும், நிறுத்தாது. அலுமினிய பானட்னா பிரவுன் வராது, வெள்ளைப் பொடி மாதிரி பூத்து பெயிண்ட்டை தூக்கும்.

கல்லடி வேலைல முதல் நோக்கம் தகட்டுக்கு தண்ணி போகாம அடைக்கிறது, அழகு ரெண்டாவதுதான். இதை ஒத்துக்கிட்டீங்கன்னா வேலை பாதி சுலபம்.

கழுவி காய வெச்சதும் ஒரு பல்குத்தும் குச்சியால புள்ளியோட ஓரத்தை நெம்பி பாருங்க, ஒட்டாம நிக்கிற செதில் எல்லாம் இப்பவே வரட்டும். துரு இருந்தா 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (நைஸ் உப்புத்தாள்) புள்ளி அளவுக்கு வெட்டி பென்சில் முனை ரப்பர்ல ஒட்டி, அந்த புள்ளிக்குள்ள மட்டும் சுத்தி சுத்தி தேய்ச்சு தகடு பளிச்னு தெரியிற வரைக்கும் கொண்டு வாங்க. ஃபைபர்கிளாஸ் பேனான்னு ஒண்ணு கிடைக்கும், இதுக்கு அருமையான சாமான், ஆனா அதோட நார் கையில ஏறினா ரெண்டு நாள் உறுத்தும், கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கங்க. குழிக்குள்ள கருப்பா ஒட்டிட்டு வராம அடம் பிடிச்சா பாஸ்பாரிக் அமிலம் இருக்கிற ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு சொட்டு, பாட்டில்ல போட்ட நேரம் வரைக்கும் விட்டு துடைச்சிடுங்க. கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, அதுக்கப்புறம் விரலால தொடக்கூடாது, விரல் எண்ணெயே போதும் பெயிண்ட் உரிஞ்சு வர.

தகடு தெரியிற புள்ளிக்கு மட்டும் பிரைமர். உள்ள பழைய பிரைமர் நல்லா இருந்தா அதுக்கு வேண்டாம், நேரா கலர். பாட்டிலை ரெண்டு மூணு நிமிஷம் நல்லா குலுக்கி ஒரு சொட்டு அட்டைல ஊத்திக்கங்க, பல்குத்தும் குச்சி முனையில துளி எடுத்து புள்ளி நடுவுல தொட்டு விடுங்க, தடவாதீங்க, அது தானா ஓரம் வரைக்கும் ஓடி நிக்கும் பாருங்க, அப்படி ஓடுறதை பாக்கிறதே ஒரு சுகம். காயும்போது அதுல இருக்கிற தின்னர் ஆவியாகிறதால பெயிண்ட் சுருங்கி பள்ளம் திரும்ப தெரியும், பதறாதீங்க. அரை மணி, ஒரு மணி விட்டு இன்னொரு துளி. சுத்து மட்டத்துக்கு ஒரு இழை கீழ கலரை நிறுத்திட்டு கிளியரை துளித்துளியா வெச்சு மட்டத்துக்கு ஒரு பொட்டு மேல வர விடுங்க. மழை ஈரத்துல இந்த வேலை வேண்டாம், காத்துல இருக்கிற ஈரம் கிளியர்ல படிஞ்சு பால் மாதிரி வெளுத்துடும். கொளுத்துற வெயில்லயும் வேண்டாம், மேல தோல் கட்டி உள்ள ஈரமாவே நிக்கும்.

அப்புறம் ஒரு வாரமாவது சும்மா விடணும். அதுக்கப்புறம் மேடு உறுத்துச்சுன்னா சுத்தி டேப் ஒட்டி, சின்ன தட்டையான கட்டைல 2000 இல்ல 2500 நம்பர் பேப்பரை சுத்தி, சோப்பு தண்ணி விட்டு மேட்டை மட்டும் இறக்கிட்டு காம்பவுண்ட் போடலாம். ஆனா நான் சொல்றது, மூணு அடி தள்ளி நின்னு பாத்து தெரியலைன்னா இந்த கடைசி கட்டத்தை தொடாதீங்க, நல்லா வந்த வேலையை நிறைய பேர் கெடுக்கிறது இங்கதான். ஏற்கனவே மேடா அப்பினதுல தகடு தெரியாத, துரு இல்லாத புள்ளியை இதே மாதிரி இறக்கிடலாம், பிரவுன் வந்ததை மட்டும் சுரண்டி முதல்லேர்ந்து செய்யுங்க.

காரோட கலர் கோட் நம்பர் பாத்துதான் வாங்கினேன், ஆனாலும் என் சில்வர் கார்ல டச்-அப் பண்ண இடம் கருப்பா தெரியுது. ஏமாத்திட்டாங்களா?
– சில்வர் கார்க்காரர்

ஏமாத்தியிருக்க மாட்டாங்க. மெட்டாலிக் பெயிண்ட்ல பொடி பொடியா அலுமினிய செதில் இருக்கு, கம்பெனில ஸ்ப்ரே அடிக்கும்போது அதெல்லாம் ஓரளவு படுத்த வாக்குல படியும், வெளிச்சத்தை ஒரே பக்கமா திருப்பும். துளியா வைக்கும்போது செதில் கண்டபடி நிக்கும், அதனால ஒரு பக்கத்திலேர்ந்து பாத்தா கருப்பு, இன்னொரு பக்கத்திலேர்ந்து பாத்தா சரியா இருக்கும். நல்லா குலுக்கி மெலிசா பல தடவை வெச்சா கொஞ்சம் குறையும், முழுசா போகாது, மெட்டாலிக்ல அதான் விதி. முத்து வெள்ளை கார் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு சங்கடம், அதுல வெள்ளை ஒரு கோட், மேல முத்து ஒரு கோட், அப்புறம் கிளியர், அதனால வெறும் வெள்ளை பாட்டில் வாங்கினா எப்பவுமே பொருந்தாது.

கலர் கோட் நம்பர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: பெரும்பாலும் டிரைவர் டோரை திறந்தா ஃபிரேம்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல, இல்லன்னா பானட்டுக்கு கீழ பிளேட்ல இருக்கும். பழைய கார்னா வெயில்ல கலர் மங்கியிருக்கும், அதனால வாங்கினதும் ஒரு அட்டைல தடவி முழுசா காய வெச்சு, பகல் வெளிச்சத்துல கார் மேல வெச்சு பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

மெஷின் வாங்கி நானே பாலிஷ் பண்றேன். ஃபெண்டர்ல ஒரு கோடு போகவே மாட்டேங்குதுன்னு விடாம அடிச்சேன், இப்ப அந்த இடம் சாக்பீஸ் மாதிரி மங்கிடுச்சு, பேடுல நீலமா வேற ஒட்டுது. கார் நீலம். என்ன கிரீம் போட்டா திரும்ப வரும்?
– விடாக்கண்டர்

எந்த கிரீமும் திரும்ப கொண்டு வராது. கிளியர் கோட் இல்லாத பழைய மாடல் பெயிண்ட்ல பேடுல கலர் ஒட்டுறது சகஜம், ஆனா உங்களோடது மங்கியும் போயிருக்கு, அதனால கிளியரை தாண்டி கலரையே தேய்ச்சிட்டிருக்கீங்கன்னுதான் படுது. இப்பவே மெஷினை ஆஃப் பண்ணுங்க. வேக்ஸ் போட்டா கொஞ்ச நாள் ஈரமா, நல்லா இருக்கிற மாதிரி காட்டும், வெயில் பட பட கலர் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். அந்த பேனலை பெயிண்ட்டர்கிட்ட கொடுத்து அடிக்கிறதுதான் ஒரே வழி.

ஸ்ப்ரே கேன்ல கிளியர் வாங்கி நானே அடிச்சுக்கிறேன்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும், அதையும் சொல்லிடறேன். ஹார்ட்னர் கலக்கிற 2கே கிளியர் நல்லா கெட்டியா நிக்கும்தான், ஆனா அதுல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, மூச்சுல போனா ஆஸ்துமாவை கொண்டு வரக்கூடியது, சாதாரண தூசி மாஸ்க் அதுக்கு ஒண்ணுமே இல்ல. மூடின கராஜ்ல வீட்டுக்காரங்க நடமாடுற இடத்துல அதை அடிக்காதீங்க.

பம்பர்ல பக்கத்து கார் உரசி வெள்ளையா பட்டை பட்டையா இருக்கு. என்னோடது சிவப்பு கார். பட்டி வைக்கணுமா?
– சிவப்பு காரம்மா

அவசரப்படாதீங்கம்மா, அந்த வெள்ளை உங்க பிரைமரா இல்ல அவங்க பெயிண்ட்டான்னு முதல்ல பாருங்க. விரல் வெச்சா மேடா தெரிஞ்சா அது அவங்க பெயிண்ட் உங்க மேல ஒட்டினது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு துடைங்க, மிச்சத்தை கிளே பாரோ (ஒட்டினதை உருவி எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) கொஞ்சம் காம்பவுண்டோ எடுத்துடும், பாதி பேருக்கு அதோட வேலை முடிஞ்சிடும். பள்ளமா இருந்தா கூட பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், துரு பயம் இல்ல, நிதானமா செய்யலாம். வெறும் பிளாஸ்டிக் தெரிஞ்சா மட்டும் கலருக்கு முன்னாடி அதுக்குன்னு இருக்கிற அட்ஹீஷன் ப்ரோமோட்டர் ஒரு கோட் அடிக்கணும், இல்லன்னா பெயிண்ட் தோலா உரிஞ்சு வரும்.

செராமிக் கோட்டிங் போட்டுட்டா கல்லடி விழாதுன்னு சொல்றாங்களே?
– புது கார் வாசகர்

விழும். செராமிக் ரொம்ப ரொம்ப மெலிசான பூச்சு, அழுக்கு ஒட்டாது, கழுவ சுலபம், பறவை எச்சத்துக்கு கொஞ்சம் தாங்கும். 9எச்னு பெருமையா சொல்றது பென்சில் கோடு டெஸ்ட் அளவுகோல், கல்லு வந்து அடிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கல்லடிக்குன்னா பிபிஎஃப்-ங்கிற பாலியூரித்தேன் ஃபிலிம்தான், 150, 200 மைக்ரான் கனம், அடியை அதுவே வாங்கிக்கும். பானட் முன்பாதிக்கும் சைடு மிரருக்கும் மட்டும் ஒட்டினாலே நிறைய மிச்சமாகும். ஆனா ஏதாவது பேனலை புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா உடனே அது மேல வேக்ஸோ ஃபிலிமோ போடாதீங்க, பெயிண்ட் உள்ளிருந்து முழுசா காய ஒரு மாசமாவது விடுங்க.