கோயில் தரும் ஒட்டுறவைச் சங்கமும் தருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊரில் புதிதாகக் குடியேறியவர் கோயிலில் சேர்வதா, சங்கத்தில் சேர்வதா என்பது கேள்வி. எங்கே உங்கள் கைக்கு வேலை கிடைக்கிறதோ அங்கே சேருங்கள்.

2010-இல் சமூக ஆய்வாளர்கள் சாயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைத்தான் காட்டியது: வழிபாட்டுக்கு வருவோரின் மனநிறைவு, அங்கே கிடைக்கும் நெருங்கிய நண்பர்களால்தான் கூடுகிறது. கும்பிட்டுவிட்டு உடனே வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பலன் இல்லை.

மாரியம்மன் திருவிழாவில் அந்த நட்பு தானாக முளைக்கிறது. காப்பு கட்டியதும் உபயம் குடும்பவாரியாகப் பிரியும். காய் நறுக்க, அன்னதானம் பரிமாற, பந்தல் போட ஆள் வேண்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டுக் கிள்ளான் நகருக்குப் போன பிள்ளைகளும் அந்த நாளில் திரும்புவார்கள். சங்கத்தில் பெரும்பாலும் நாற்காலியும் பேச்சும்தான்.

ஆனால் சங்கத்தால் முடியாது என்பது தவறு. பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால்மரம் சீவியவர்கள் பணம் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். பிழைப்பே அதில் இருந்ததால் ஒட்டினார்கள்.

இன்று சங்கப் பதிவுக்கு 7 பேர் போதும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை அனுப்பத் தவறினால் பதிவுக்கே ஆபத்து. அதைவிடக் கொடியது, மூன்றே பேர் எல்லாவற்றையும் இழுத்துச் செய்வது. சங்கத்தை நடத்துபவர்களே, புதியவருக்கு முதல் மாதமே ஒரு பொறுப்பு கொடுங்கள்: சாவு வீட்டுக்கு நாற்காலி ஏற்றுவதாகக்கூட இருக்கட்டும்.