பழைய கார், அறுந்த டைமிங் பெல்ட்: வண்ணார்பேட்டை அண்ணாச்சி பதில்கள்

வள்ளியூர்: அண்ணாச்சி, 1.8 லிட்டர் கான்டெசா கார். நாங்குநேரி தாண்டி வரும்போதே என்ஜின் அணைஞ்சிட்டு. செல்ஃப் அடிச்சா எப்பவும்விட லேசா, வேகமா சுத்துது. பிடிக்கல.

பதில்: சாவியக் கழட்டி சட்டப்பையில போடுங்க. லேசா சுத்துதுன்னா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குறது) இல்ல, டைமிங் பெல்ட் போயிருக்கும். மேல் கவரத் தொறந்து கண்ணால பாருங்க. பிஸ்டன ஏத்தி எறக்குற கிராங்க் தண்டுதான் இந்த பெல்ட் வழியா, வால்வத் தொறந்து மூடுற கேம் தண்டச் சுத்த வைக்கும். பெல்ட் அறுந்ததும் கேம் நின்னுரும், தொறந்த வால்வு தொறந்தபடியே கெடக்கும். பிஸ்டன் வந்து இடிக்கிற ரக என்ஜினா இருந்தா, இன்னொரு செல்ஃபுக்கு இன்னொரு வால்வு வளையும். கயிறு கட்டி நியூட்ரல்ல இழுத்துட்டு வாங்க.

புது பெல்ட் போடுமுன்ன, நாலு சிலிண்டர்ல கிராங்க டாப்புல (முதல் பிஸ்டன் உச்சியில நிக்கிற எடம்) இருந்து கால் சுத்து பின்னால திருப்புங்க. பிஸ்டன் நாலும் பாதியில நிக்கும், எதுலயும் இடிக்காது. அப்புறம் கேம் மார்க்க நேராக்குங்க, அதுக்குப் பொறவு கிராங்க் மார்க், பெல்ட், அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர். ஸ்பேனர வச்சுக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி மார்க்கைத் திரும்பப் பாருங்க. எங்கயாவது முட்டுச்சுன்னா பலம் காட்டாதீய. அப்புறம் கம்ப்ரஷன் பாக்கணும். ஒரு சிலிண்டர் செத்துக் கெடந்தா ஹெட்ட (வால்வு இருக்குற மேல்மூடி) எறக்க வேண்டியதுதான்.

ஏன் அறுந்துச்சுன்னும் பாருங்க. ஆயில் சீல் கசிஞ்சு பெல்ட் ஊறியிருக்கும், இல்லன்னா டென்ஷனர் பேரிங் இறுகியிருக்கும். அத விட்டுட்டு பெல்ட் மட்டும் போட்டா திரும்ப நாங்குநேரிதான்.

அம்பை: எத்தன கிலோமீட்டருக்கு மாத்தணும்?

பதில்: வண்டிப் புத்தகத்துல இருக்கும். ஷெட்டுலயே நிக்கிற வண்டிக்கு வருசக் கணக்கு. ஓடாட்டாலும் ரப்பர் வெடிக்கும். எப்பம் மாத்துனதுன்னு தெரியலையா, இப்பமே மாத்துங்க.

களக்காடு: பத்மினில பெல்ட் அறுந்துட்டு. ஓடுது, ஆனா கொதிக்கி.

பதில்: அது ஃபேன் பெல்ட். பத்மினிக்கு உள்ள டைமிங் பெல்ட்டுக்குப் பதிலா செயின். ஓட்டாதீய, ஹெட் போயிரும்.

தென்காசி: அம்பாசடரும் செயின்தான? அதுக்குப் போயி பெல்ட்டுன்னு ஒருத்தன் ரூவா கேக்கான்.

பதில்: எந்த என்ஜின்? 1489 சிசி பழசுன்னா செயின். இசுசு 1.8 பெட்ரோலும் 2 லிட்டர் டீசலும் பெல்ட்.

தென்காசி: எங்க தாத்தா காலத்துலருந்து அம்பாசடர் வச்சிருக்கோம், பெல்ட்டக் கண்டதே இல்ல.

பேட்டை: டாக்ஸி ஓட்டுனவன் சொல்லுதேன், இசுசு டீசல்ல பெல்ட் மாத்திருக்கேன்.

தென்காசி: அது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் பெல்ட்டா இருக்கும்வே.

பதில்: ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்கு யாரும் மார்க் வச்சு மாட்ட மாட்டான். தாத்தா வண்டியும் ஒங்க வண்டியும் பேருதான் ஒண்ணு, என்ஜின் வேற. பானட்டத் தொறந்து என்ஜின் நம்பரப் பாத்துட்டு வாங்க. டீசலுன்னா இன்னும் பயப்படணும்; டாப்புல பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல எடமே கெடையாது.

பாளை: பெல்ட் அறுந்தா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதப் படிங்க. கியர்ல தள்ளுனாலும் கிராங்க் சுத்தும்லா.

திசையன்விளை: பெல்ட் கவர் ஒடஞ்சிட்டு. இல்லாம ஓடுமா?

பதில்: ஓடும். தேரி மண்ணு பல்லுக்குள்ள ஏறி பெல்ட்டத் திங்கும். கவர் போடுங்க.

சங்கரன்கோவில்: ஒரே ஒருதடவ செல்ஃப் அடிச்சுப் பாத்தா என்ன?

பதில்: அடிங்க. வால்வு ஒங்களுதுதான்.

கடையம்: மாருதி 800?

பதில்: பெல்ட்டுதான். ஆனா மூணு சிலிண்டர், அந்தக் கால் சுத்துக் கணக்கு இதுக்கு ஒத்து வராது. புத்தகத்துல போட்டிருக்கபடி செய்ங்க. அம்பாசடர் பத்தி இன்னைக்கு இதுக்கு மேல பதில் கெடையாது.