பச்சையான குளமும் விடியற்காலையில் சாகும் மீனும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயலோரக் குளத்தில் திலாப்பியா வளர்ப்பதாகவும், தண்ணீர் கடும் பச்சையாகி விடியும்போது மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். யூரியாவை நிறுத்தியும் பச்சை குறையவில்லை என்கிறீர்கள். குறையாதுதான், ஏனென்றால் கோழி எருவை இன்னும் போடுகிறீர்கள்.

நன்னீரைப் பச்சையாக்கும் பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொஸ்பரஸ் என்ற சத்து. 1973இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு கார்பனும் நைதரசனும் மட்டும், மறு பாதிக்கு அவற்றோடு பொஸ்பரசும் சேர்த்தார்கள். பொஸ்பரஸ் சேர்த்த பக்கம்தான் பச்சையானது. யூரியாவை நிறுத்தி நைதரசன் குறைந்தாலும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். பொஸ்பரசுக்கு அப்படி ஒரு வழி இல்லை. கோழி எருவில் அது தாராளம். வயலுக்குப் போட்ட டிஎஸ்பி என்ற பொஸ்பரஸ் உரமும் வடிநீரோடு வரும்.

பகலில் பாசி ஒட்சிசன் தரும், இரவில் அதுவும் மீனும் சேர்ந்து அதையே குடிக்கும். அதனால்தான் விடியும் முன் மூச்சுத் திணறுகிறது.

பாசியை மருந்தடித்து ஒரேயடியாகக் கொன்றுவிடாதீர்கள், தயவுசெய்து! அது அழுகும்போது மிச்ச ஒட்சிசனும் போய்விடும். எருவை நிறுத்துங்கள், தீனியைக் குறையுங்கள், வடிவாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். இப்போதைக்கு, நள்ளிரவுக்குப் பிறகு பம்ப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டவிடுங்கள். அடிச்சேற்றிலும் பொஸ்பரஸ் தேங்கியிருக்கும். அப்புறம் ஆடி, ஆவணியில் நீர் வற்றும்போது அந்தச் சேற்றை அள்ளித் தென்னைக்குப் போடுங்கள்.