கடைசிக் காட்சி மட்டும் சீரியல் மாதிரி ஆகிவிடுகிறதா?

நண்பரே, சிரிப்பாகப் போகும் உங்கள் ஆபீஸ் காமெடி ஸ்கிரிப்ட், கஞ்ச மேனேஜர் ஒரு பெண்ணிடம் மனம் திறக்கும் கடைசிக் காட்சியில் மெகா சீரியலாகிவிடுகிறது என்கிறீர்கள். வசனத்தைக் குறைத்தால் மட்டும் சரியாகாது. உங்கள் மேனேஜர் அங்கே திடீரென்று ஞானியாகிவிடுகிறார், சிக்கல் அதுதான்.

'தி ஆபீஸ்' அமெரிக்கத் தொடரில் 2007-இல் வந்த 'பிசினஸ் ஸ்கூல்' எபிசோடைப் பாருங்கள். ரிசப்ஷனிஸ்ட் பாம் வரைந்த படங்களின் கண்காட்சிக்கு ஆபீஸிலிருந்து வந்தவர்களே குறைவு. வந்த ஆஸ்கரும் அவர் துணைவரும் படங்களைக் குறை சொல்வது வேறு அவள் காதில் விழுகிறது. படங்களைக் கழற்றும் நேரத்தில் மேனேஜர் மைக்கேல் வருகிறார். ஆபீஸ் கட்டடத்தின் ஓவியத்தைப் பார்த்து அசந்துபோய் விலை கேட்கிறார். ஓவிய நுணுக்கமெல்லாம் அவருக்கு எங்கே? தன் ஜன்னலும் தன் காரும் அதில் இருக்கிறதே என்றுதான் பூரிக்கிறார். இத்தனை நாள் எந்த வெகுளித்தனத்தைப் பார்த்துச் சிரித்தோமோ, அதுவே இப்போது பாமின் கண்ணைக் கலங்கவைக்கிறது. அவள் கட்டிப்பிடிக்கிறாள். அவர் பாக்கெட்டில் ஏதோ இடிக்கிறது. என்னவென்றால், சாக்லேட்! பாதி வேண்டுமா என்கிறார்.

உங்கள் மேனேஜரும் கடைசிவரை கஞ்சனாகவே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் பாக்கியை ரகசியமாகக் கட்டிவிட்டு, ரசீதை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அப்புறம், உங்கள் கடைசிக் காட்சியின் பின்னணியில் வரும் அந்த வயலினை எடுத்துவிடுங்கள். நான் சொன்ன காட்சியில் பின்னணி இசையே கிடையாது.