லாகின் ஆயிட்டு, ப்ரோக்ராம் ஓட மாட்டேங்கு!

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில மூணாம் வருசம் படிக்கேன். பாபநாசம், மணிமுத்தாறு அணை நீர்மட்டத்த தெனமும் கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ்ல சேக்குத மாதிரி பைத்தான்ல ப்ராஜெக்ட் பண்ணுதேன். கூகுள் கிளவுட் எஸ்டிகே (ஜிகிளவுட் கமாண்டு ஓட்டுத டூல்) போட்டாச்சு, 'ஜிகிளவுட் ஆத் லாகின்' குடுத்து ப்ரௌசர்ல அனுமதியும் குடுத்தாச்சு, டெர்மினல்ல கமாண்டு எல்லாம் நல்லா ஓடுது. ஆனா ப்ரோக்ராம ஓட்டினா டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ் (ப்ரோக்ராம் தானா எடுத்துக்கிடுத அடையாளச் சான்று) இல்லைனு எரர். சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு இல்லாம ப்ரோக்ராமுக்குன்னு உள்ள கணக்கு) கீய ஜேசன் ஃபைலா எறக்கி கோடு ஃபோல்டர்லயே போடுன்னு சீனியர் ஒருத்தர் சொன்னாவ, போட்டுட்டேன். சரிதானா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஜேசன அங்கன இருந்து எடுங்க, மத்தத பொறவு பாப்போம். அது சும்மா செட்டிங்ஸ் ஃபைல் இல்ல, பாஸ்வேர்டே கேக்காம உங்க ப்ராஜெக்டுக்குள்ள விடுத சாவி. கோடோட சேந்து கிட்ஹப்புக்கு (கோடு போட்டு வைக்குத தளம்) போச்சுன்னா பொறவு அழிச்சாலும் பழைய கமிட்ல, அதாவது முன்ன சேமிச்ச பதிவுல, கெடக்கும். கம்ப்யூட்டர்ல டெலீட் பண்ணுனா மட்டும் போதாது, ப்ரௌசர்ல கூகுள் கிளவுட் கன்சோல தொறந்து சர்வீஸ் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போயி கீயவே நீக்கணும், இல்லைனா அது உயிரோடதான் இருக்கும்.

இப்ப எரருக்கு வருவோம். நீங்க பண்ணுன லாகின் ஜிகிளவுட் கமாண்டுக்கு மட்டும்தான், உங்க கோடு கூப்பிடுத கூகுளோட பைத்தான் லைப்ரரி அத பாக்கவே பாக்காது. தலவாசல் சாவி கையில இருந்தா அரங்குவீடு தொறக்குமா? ப்ரோக்ராமுக்குன்னு 'ஜிகிளவுட் ஆத் அப்ளிகேஷன்-டிஃபால்ட் லாகின்'னு தனியா ஒரு கமாண்டு இருக்கு, அத ஓட்டுங்க, திரும்பவும் ப்ரௌசர் வரும், அனுமதி குடுத்தா விண்டோஸ்ல ஆப்டேட்டா ரோமிங்குக்குள்ள ஜிகிளவுட் ஃபோல்டர்ல ஒரு ஜேசன் வந்து உக்காரும், லினக்ஸ்னா ஹோம்ல டாட் கான்ஃபிக்குள்ள. கோடுல ஒரு வரி மாத்த வேண்டாம், லைப்ரரி தானா எடுத்துக்கிடும்.

இன்னொண்ணு சொல்லுதேன், இங்கனதான் நெறைய பேரு மாட்டுதாவ. லைப்ரரி மொதல்ல தேடுதது அந்த ஃபைல இல்ல, 'கூகுள் அப்ளிகேஷன் கிரெடென்ஷியல்ஸ்'ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள (கோடுக்கு வெளிய, சிஸ்டத்துல பேரு போட்டு வைக்குத செட்டிங்). சீனியர் சொன்னத கேட்டு அதுல பழைய கீ ஃபைல் இருக்குத எடத்த (பாத்) குடுத்திருந்தீங்கன்னா, இப்ப கீய அழிச்ச பொறவும் லைப்ரரி அந்த எடத்துலதான் போயி தேடும், ஃபைல் இல்லைனு திரும்பவும் எரர்தான் வரும். அதனால அந்த வேரியபிளயும் எடுத்துட்டு டெர்மினல மூடி புதுசா தொறங்க.

நாளைக்கு இதையே கூகுளோட மெஷின்ல ஓட்டினீங்கன்னா ஃபைலே தேவையில்ல, அந்த மெஷினோட சேத்து வச்ச சர்வீஸ் அக்கவுண்ட அதுவா எடுத்துக்கிடும். ஸ்டோரேஜ்ல எழுதுத அளவுக்கு மட்டும் அதுக்கு அனுமதி குடுங்க, ப்ராஜெக்ட்ல கிட்டத்தட்ட எல்லாத்தையும் மாத்த விடுத எடிட்டர் ரோல் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

காலேஜ் லேப்ல ஓட்டுதீங்கன்னா கெளம்பும்போது ரெண்டு லாகினையும் தனித்தனியா ரிவோக் (ரத்து) பண்ணணும், 'ஜிகிளவுட் ஆத் ரிவோக்' ஒண்ணு, 'ஜிகிளவுட் ஆத் அப்ளிகேஷன்-டிஃபால்ட் ரிவோக்' இன்னொண்ணு. ப்ரௌசர்ல லாக்அவுட் பண்ணுனா இந்த ரெண்டும் போகாது.